சாக்குக்கும் வைத்த பொட்டு

நோட்டீஸ் எழுதுவதில் ஜூனியர்கள் நீங்கள் மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். போன வாரம் ஆபீசுக்கு வந்தபோது மேசையில் கிடந்ததை எடுத்துப் படித்தேன். ஒரு பிழை இல்லை. பிரிவு, உட்பிரிவு எல்லாம் கல்யாணப் பத்திரிகையில் சொந்தக்காரர் பெயர் போட்டது மாதிரி வரிசையாக இருந்தது. படித்ததும் எனக்கு என் பழைய நோட்டீஸ் ஒன்று ஞாபகம் வந்தது. நானும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். அப்படி எழுதிக்கொண்டிருந்த மூன்று நாளில் ஒரு மனிதரின் வழக்கு கையைவிட்டுப் போகப் பார்த்தது.

உங்களில் ஒருத்தி அன்றைக்குக் கேட்டாள், "மேடம், உங்க சர்வீஸ்ல மறக்க முடியாத கேஸ் எது?" என்று. முட்டி வலியில் அவள்மேல் எரிந்து விழுந்தேன். மன்னித்துக்கொள், தாயே. இப்போது வேலை வெட்டி இல்லை, சொல்கிறேன். டீ வாங்கி வைத்துக்கொண்டு படியுங்கள்.

நெய்வேலியில் பெர்மனன்ட் ஆட்களுக்கு யூனியன் இருக்கிறது, பெரிய பெரிய வக்கீல்கள் இருக்கிறார்கள். மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிற நம் ஆபீசின் செங்குத்துப் படியில் ஏறி வருகிறவர்கள் கான்ட்ராக்ட் ஆட்கள். அதிலும் அடிபட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் கட்டட வேலைக்காரர்கள். ஏழுமலையும் அப்படித்தான் வந்தார். சேத்தியாத்தோப்புப் பக்கத்து ஆள், முப்பத்தைந்து வயது இருக்கும். வலது கையில் பெரிய கட்டு. பின்னாலேயே அவர் மனைவி தனம், ஆஸ்பத்திரிக் காகிதங்களை மஞ்சள் பையில் திணித்துக்கொண்டு.

நடந்தது இதுதான். மைன்ஸ் பக்கம் ஒரு கட்டட வேலை. வெளியூர் கான்ட்ராக்டர். ஏழுமலைக்குக் கலவை மிஷினில் வேலை. இன்ஜினிலிருந்து டிரம்மைச் சுற்ற வைக்க ஒரு பெல்ட் ஓடும். யாரும் அதில் கையை விட்டுவிடாமல் மேலே ஓர் இரும்புக் கவர் இருக்க வேண்டும். ஏப்ரல் மாதத்து வெயிலில், காலை பதினோரு மணிக்கு, பெல்ட்டில் ஏதோ சிக்கிக்கொண்டது. சூபர்வைசர் தூரத்திலிருந்தே "எடுய்யா, எடுய்யா, கலவை இறுகுது" என்று கத்தியிருக்கிறார். ஏழுமலை எடுக்கப் போனார். மூன்று விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் முதல் கூத்து. கூட்டிக்கொண்டு போன சூபர்வைசர், பைக் செயினில் கை மாட்டிக்கொண்டது என்று எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தனம் உள்ளே வந்திருக்கிறார்.

"எந்த பைக்குன்னு கேட்டேன் மேடம். எங்க வூட்டுல ஏது பைக்கு? நீ வாங்கிக் குடுத்தியா? எங்க நிக்குது, வா காட்டுன்னேன். டாக்டரே சிரிச்சிட்டாரு."

டாக்டர் சிரித்ததோடு நிற்காமல், மிஷினில் மாட்டிக் காயம் என்று ரெஜிஸ்டரில் எழுதிவிட்டார். புண்ணியவான். அடிபட்டவரின் வீட்டிலிருந்து உங்களுக்குப் போன் வந்தால், ஐயோ பாவம் என்று சொல்லி முடித்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஆஸ்பத்திரியில் என்ன எழுதினார்கள் என்பதுதான். பின்னால் எத்தனை வக்கீல் வந்தாலும் அந்த ஒரு வரியை மாற்றுவது கஷ்டம்.

பைக் கதை செல்லாது என்று ஆனதும் சூபர்வைசர் அடுத்த கதைக்குப் போனார். தினமும் வார்டுக்கு வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சாத்துக்குடி உரித்து ஒவ்வொரு சுளையாக ஏழுமலை வாயில் ஊட்டிக்கொண்டே, "நீதானப்பா அந்தக் கவர கழட்டி வெச்ச? மறந்துட்டியா? நா வேணான்னு சொன்னேன்ல?" என்று சொல்லியிருக்கிறார். ஒரு நாள் இல்லை, எட்டு நாள். என்ன ஒரு பாசம் பாருங்கள்!

அந்தக் கதைக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. நம் இழப்பீட்டுச் சட்டம் யார் தவறு என்று கேட்காது. வேலை செய்யும்போது, வேலையால் அடிபட்டதா, கொடு. கான்ட்ராக்டர் ஓடிவிட்டால் வேலையைக் கொடுத்தவரைப் பிடிக்கலாம். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்று முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தாலும் அது செல்லாது. ஆனால் ஓர் ஓட்டை உண்டு. பாதுகாப்புக்காக மாட்டிய கவரைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தால் முதலாளி தப்பிக்கலாம். உயிர் போனாலோ, ஆயுசுக்கும் எந்த வேலையும் செய்ய முடியாதபடி முடங்கினாலோ அந்த ஓட்டை அடைபட்டுவிடும். மூன்று விரல் மட்டும் போனவருக்கு அது திறந்தே இருக்கும். இப்போது பழைய சட்டங்களையெல்லாம் மூட்டை கட்டிப் புதுப் பெயர் வைத்திருக்கிறார்கள், எண்களை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். சாத்துக்குடி உரிப்பவர்கள் மாறவில்லை.

என் எதிரே உட்கார்ந்து ஏழுமலை சொன்னதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

"எனக்கே சந்தேகமா இருக்குது மேடம். ஒருவேள நாந்தான் கழட்டனனோ என்னமோ. அடிபட்டதுலேர்ந்து அந்த மிஷின் எப்பிடி இருந்துச்சுன்னே ஞாபகத்துல நிக்கல. நா பண்ண தப்புக்கு அடுத்தவங்கள காசு கேக்கறது பாவம் இல்லீங்களா?"

தனம் தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டுக்கினீங்களா மேடம்? இவரு வூட்டுல மிக்சி மூடிய தொறக்கவே என்னியதான் கூப்புடுவாரு. இவரா ஸ்பேனர் எடுத்து கவர கழட்டப் போறாரு?"

"நீ சும்மா இருடி. உனக்கு என்னா தெரியும், நீ சைட்ல இருந்தியா?" என்றார் அவர்.

விரல் போனதைவிட அவருக்கு இதுதான் பெரிய நோவாக இருந்தது. தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட முட்டாள் என்று நினைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் விழித்துக் கிடக்கிறாராம். சைட்டிலும் அதே பேச்சு பரவிவிட்டது. இனி இவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? எனக்கு அப்போது அதெல்லாம் காதில் ஏறவில்லை. கேஸ் நல்ல கேஸ் என்று மட்டும் பட்டது.

நல்ல கேஸ் கிடைத்தால் வக்கீல் என்ன செய்வார்? நோட்டீஸ் எழுதுவார். மூன்று நாள் உட்கார்ந்து செதுக்கினேன். நாலு பக்கம். தனத்திடம் படித்துக்காட்டினேன். "நல்லா இருக்குதுங்க, ஒண்ணும் புரியல" என்றார். பெருமையோடு ரிஜிஸ்டர் தபாலில் போட்டுவிட்டு, நாலாம் நாள், சரி, மிஷினை ஒரு போட்டோ எடுத்து வைப்போமே என்று ஒருவழியாக அனுமதி வாங்கிக்கொண்டு சைட்டுக்குப் போனேன்.

அட, ஆண்டவா! மிஷின் மாப்பிள்ளை மாதிரி நின்றது. புத்தம் புது மஞ்சள் பெயின்ட். எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. தரையில் உடைத்துக் காய்ந்துபோன பூசணிக்காய், குங்குமம், கற்பூரம் எரிந்த கரி. பெல்ட்டுக்கு மேலே பளபளவென்று ஓர் இரும்புக் கவர்.

ஒருவர் சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். பாஸ்கர் என்று பெயர். ஏழுமலையோடு அதே மிஷினில் நின்றவர், ஒரே சாப்பாட்டு டப்பாவில் பங்கு போட்டுக்கொள்கிற சிநேகம்.

"ஏழுமலைக்கு வக்கீல் மேடம்தானுங்களா? அவனுக்கு ஒண்ணும் ஆவாதுங்க. அடுத்த நாளே மிஷின நல்லா கழுவி, திருஷ்டி கழிச்சிட்டோம். பசங்கள்லாம் சேந்து பூசணிக்கா வாங்கி ஒடச்சோம்."

"கவர்?"

"அது முந்தாநேத்து பெயின்ட் அடிச்சப்போ சூபர்வைசர் கொணாந்து மாட்டுனாருங்க."

எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரை அங்கேயே வறுத்தெடுத்துவிட்டேன். அறிவிருக்கா, அது மிஷின் இல்லையய்யா, சாட்சி. அதைப் போய்க் கழுவி, பெயின்ட் வேறு அடித்து, கூட்டாளிக்கு நீயே குழி வெட்டிவிட்டாயே என்று கத்தினேன். பாஸ்கர் முகம் செத்துவிட்டது. திரும்பிப் போய்விட்டார்.

இந்த வட்டாரத்தில் மிஷினில் ரத்தம் பட்டால் ஆட்கள் அப்படியே விட மாட்டார்கள், கழுவிப் பூசணிக்காய் உடைத்த பிறகுதான் மறுபடி தொடுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? அப்போதே பத்து வருஷமாக இந்த ஊரில் வக்கீல் தொழில் பார்த்துக்கொண்டிருந்தேன், நன்றாகத் தெரியும். ஏழுமலை வந்த அன்றைக்கே ஓடியிருக்க வேண்டாமா? முதல் நாள் கழுவியது போனாலும், பெயின்டும் கவரும் வருவதற்கு முன்னால் ஒரு போட்டோவாவது எடுத்திருப்பேன். என் தப்பை மறைக்கத்தான் அவரிடம் அவ்வளவு சத்தம் போட்டேன். ஆகையால் பிள்ளைகளா, அடிபட்டவர் படியேறி வந்தால் முதலில் செருப்பை மாட்டுங்கள். போய் மிஷினைப் பாருங்கள், போட்டோ எடுங்கள், தொழிற்சாலை ஆய்வாளருக்கோ போலீசுக்கோ எழுத்தில் தகவல் கொடுத்து, யாரும் அதைத் தொடாமல் பாருங்கள். வழக்குப் போட இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. கழுவுவதற்கு ஒரு வாளித் தண்ணீர் போதும்.

பத்து நாள் கழித்துப் பாஸ்கர் ஆபீசுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு போனை நீட்டினார். சைட் ஆட்களின் வாட்ஸப் குரூப்பில் கிடந்த ஒரு போட்டோ. முந்தின ஆயுத பூஜைக்கு எடுத்தது. மாலை போட்ட மிஷின், அதன் முன்னால் புதுச் சட்டையில் எட்டுப் பேர்.

"இதுல பாருங்க மேடம், கவர் இல்ல. ஏழுமலை பொங்கலுக்கு அப்பறந்தான் வேலைக்கே வந்தான். இல்லாத கவர அவன் எப்பிடிங்க கழட்டுவான்?"

எழுந்து போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குத் திட்டியதற்கு மன்னிப்பும் கேட்டேன். பிறகு, இதைக் கடலூருக்கு வந்து, இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற ஆணையர் முன்னால் சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் தரையைப் பார்த்தார். "கேட் பாஸ் அவங்க கையிலதான் இருக்குது. சொல்லிட்டு மறுநாள் வேலைக்குப் போனா உள்ள வுடமாட்டாங்களே."

"சட்டம் உன்னக் காப்பாத்தும்பா" என்றேன் மிடுக்காக.

"சட்டம் காலைல ஏழு மணிக்கு கேட்டாண்ட வந்து நிக்குமாங்க?"

"நான் வந்து நிக்கறேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நான் காலை எட்டு மணிக்கு முன்னால் எழுந்தே பழக்கம் இல்லாதவள்!

விசாரணை நாளன்று நாலு பேரும் கடலூர் பஸ்ஸில் போனோம். வடலூர் தாண்டும்வரை தனம் மட்டும்தான் பேசிக்கொண்டு வந்தார். கூண்டு, மேடை என்று சினிமாவில் பார்ப்பது எதுவும் அங்கே இல்லை. ஒரு பெரிய மேசை, மின்விசிறி, கோப்புகள், அவ்வளவுதான். பாஸ்கர் சொல்ல வேண்டியதைச் சொன்னார். போட்டோவைக் கொடுத்தேன். முடிந்தது, ஜெயித்தோம் என்று நான் நாற்காலியில் சாய்ந்துவிட்டேன்.

கான்ட்ராக்டர் தரப்பு வக்கீல் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். படு சூட்டிகை. போட்டோவைப் பார்த்துவிட்டுப் புன்னகையோடு கேட்டார்.

"ஆயுத பூஜைக்கு மிஷினைக் கழுவுவீங்கதானே?"

"ஆமாங்க."

"கழுவும்போது கவரையெல்லாம் கழற்றி வெச்சுத்தானே கழுவுவீங்க?"

"இருந்தா கழட்டுவோங்க."

"கழட்டுவீங்க. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். சாய்ந்திருந்த நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நியாயமான கேள்வி. பூஜைக்காகக் கழற்றியது, பிறகு மாட்டியிருப்பார்கள், அதைத்தான் ஏழுமலை மறுபடி கழற்றினார் என்று ஆகிவிட்டது. ஏழுமலையைத் திரும்பிப் பார்த்தேன். தலை குனிந்திருந்தது. நான்தான் கழற்றினேன் போலிருக்கிறது என்று அவரே தீர்ப்பு எழுதி முடித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"வேற கேள்வி உண்டா மேடம்?" என்றார் ஆணையர்.

அந்தப் போட்டோவை நான் ஐம்பது தடவையாவது பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் கவர் இல்லை என்பதை மட்டும்தான் பார்த்தேன். அன்று வேறு வழி இல்லாமல், கவர் இல்லாத இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். பழுப்பாக ஏதோ கட்டியிருந்தது. அதன்மேல் மஞ்சளாக ஏதோ திட்டு. என்னவென்று சத்தியமாக எனக்குத் தெரியாது. பதில் தெரியாத கேள்வியைச் சாட்சியிடம் கேட்கவே கூடாது, தெரியும். ஆனால் சும்மா இருந்தாலும் தோல்விதானே, கேட்டுத்தான் பார்ப்போமே என்று எழுந்தேன்.

"பாஸ்கர், பெல்ட்டு மேல கட்டியிருக்கே, அது என்ன?"

"சாக்குங்க."

"எதுக்குச் சாக்கு?"

"கவர் இல்லீங்களே. கிரீஸ் மூஞ்சில தெறிக்கும். மிஷின் வந்த நாள்லேர்ந்து சாக்குதான் கட்டிக்கினு இருந்தோம். கிழிய கிழிய வேற மாத்துவோம்."

"அதுமேல மஞ்சளா இருக்கே?"

"சந்தனங்க. நாந்தான் பொட்டு வெச்சேன்."

"சாக்குக்கா?"

"அதுவும் மிஷின்ல ஒண்ணுதானுங்களே. அத மட்டும் எப்பிடி வுடறது?"

டைப் அடித்துக்கொண்டிருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஆணையர் பாஸ்கரின் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கழுவி முடித்து, சாக்கைக் கட்டி, மிஷினின் மற்ற பாகங்களைப் போலவே அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு எடுத்த படம். கழுவுவதற்காகக் கவரைக் கழற்றி வைத்தவன் அந்த இடத்தில் சாக்கைக் கட்டிப் பொட்டும் வைப்பானா? எதிர் வக்கீல் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார்.

"சம்பவத்தன்னிக்கு அந்தச் சாக்கு எங்கே?" என்று கேட்டார்.

பாஸ்கர் சொன்னார்: "அதான் பெல்ட்ல சிக்குச்சு. அதத்தான் ஏழுமலை எடுக்கப் போனான். ரத்தமா இருந்துச்சுங்க, பூசணிக்கா ஒடச்சப்போ கொளுத்திட்டேன். என் கூட்டாளி ரத்தத்த மிதிச்சிக்கினு நா எப்பிடிங்க அங்க நின்னு வேல செய்வேன்?"

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

வெளியே வந்ததும், இதை ஏனப்பா முன்னாலேயே சொல்லவில்லை என்று அவரைப் பிடித்து உலுக்கினேன். "நீங்க கவர் இருந்துச்சா இல்லியான்னுதான் கேட்டீங்க மேடம். சாக்கு இருந்துச்சான்னு கேக்கவே இல்லியே" என்றார். உண்மைதான். சைட்டில் எந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டாலும் அந்த இடம் காலியாக இருக்காது. நம் ஆட்கள் எதையாவது கட்டியிருப்பார்கள், எதையாவது முட்டுக்கொடுத்திருப்பார்கள். இல்லாததை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள்.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்குக் கறுப்புக் கோட்டோடு கேட்டில் போய் நின்றேன். தலைகூடச் சரியாக வாரவில்லை. பாஸ்கர் சைக்கிளில் வந்தார், என்னைப் பார்த்ததும் திகைத்துப் போய் இறங்கினார். சூபர்வைசரும் வந்தார். பாஸ்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். பாஸ்கர் உள்ளே போய்விட்டார். அடுத்த நாளும் நின்றேன். அதற்கடுத்த நாளும். ஒரு வாரம் ஆனதும் சூபர்வைசரே கேட்டார்.

"மேடம், தெனம் வருவீங்களா?"

"வாக்கிங் வரேன்பா. சுகர் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

இன்னும் இரண்டு வாரம் அந்த வாக்கிங் நடந்தது. பாஸ்கரின் பாஸில் யாரும் கை வைக்கவில்லை. சாட்சி சொல்ல ஒருவரைக் கூப்பிட்டால், மறுநாள் காலை அவர் எங்கே போவார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். நான் அன்றைக்குத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். சர்க்கரையும் கொஞ்சம் குறைந்தது.

உத்தரவு வர மேலும் சில மாதங்கள் ஆயின. நகல் கைக்கு வந்ததும் ஏழுமலையை வரச் சொன்னேன். தனத்துக்கு அன்று நடவு வேலை, வரவில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் புரட்டி, எவ்வளவு தொகை, எத்தனை நாளைக்குள், வட்டி எப்போதிலிருந்து என்று கம்பீரமாக வாசிக்க ஆரம்பித்தேன்.

"அது இருக்கட்டும் மேடம்" என்று ஏழுமலை இடைமறித்தார். "கவரப் பத்தி என்னா எழுதியிருக்காங்க?"

திரும்பப் புரட்டித் தேடினேன். "பாதுகாப்புக் கவரை மனுதாரரே அகற்றினார் என்னும் எதிர்மனுதாரரின் வாதம் ஏற்கத்தக்கதல்ல என முடிவு செய்யப்படுகிறது."

"அப்படின்னா?"

"அப்படின்னா நீ கழட்டல."

"அப்படியேவா எழுதியிருக்குது? இன்னொரு தபா படிங்க."

படித்தேன். மூன்றாவது தடவை அவரே காகிதத்தை வாங்கிக்கொண்டார். இருக்கிற இரண்டு விரலால் அந்த வரியை ஒவ்வொரு சொல்லாகத் தடவிக்கொண்டே போனார். பிறகு போனை எடுத்துத் தனத்தைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு என் மேசைமேல் வைத்தார். வயலில் பெண்கள் பேசும் சத்தம் கேட்டது.

"ஏய் தனம், நா கழட்டலடி! தீர்ப்புலயே எழுதியிருக்குது!"

அந்தப் பக்கம் தனம் அழுதுகொண்டே திட்ட ஆரம்பித்தார்.

"அத நா மொத நாள்லேர்ந்து சொல்லிக்கினு இருக்கறனேய்யா. பொண்டாட்டி சொன்னா நம்ப மாட்ட, கவர்மென்ட்டு எழுதிக் குடுத்தாத்தான் நம்புவியா?"